டிஸ்க் நிறைய இன்னும் எத்தனை மணி நேரம்?

ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரியைத் தாண்டிச் செங்கல்பட்டை நோக்கிப் போனால், வல்லாஞ்சேரியில் எஸ்டான்சியா ஐடி பார்க் வரும். ஜோஹோ நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது இந்த வளாகத்தில்தான். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தொழிலே நெட்வொர்க் கருவிகளை நிர்வகிக்கும் மென்பொருள் எழுதுவது. 2009-இல் பெயர் ஜோஹோ என்று மாறியது. பழைய தொழில் மேனேஜ்எஞ்சின் என்ற பிரிவின் கீழ் வளர்ந்தது. அந்தப் பிரிவின் ஆப்மேனேஜர், பல நாடுகளின் சர்வர்களையும் ஸ்விட்ச்களையும் ரவுட்டர்களையும் கண்காணிக்கிறது.

அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் விடுதிகளிலும் மறைமலை நகர் உதிரிபாகத் தொழிற்கூடங்களிலும் திருக்கழுக்குன்றம் மருத்துவமனைகளிலும் சர்வர்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று நின்றுபோனால் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று, டிஸ்க் நிரம்பியிருப்பது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள மிக எளிதான கோளாறும் இதுதான். மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிஸ்க் எப்போது நிறையும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லவைக்கும் அலர்ட்டை அமைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். உதாரணங்கள் ஆப்மேனேஜரை ஒட்டியவை. ஜாபிக்ஸ், பிஆர்டிஜி, ப்ரோமிதியஸ் போன்ற வேறு கண்காணிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான், திரையில் பொத்தான் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

14 ஆலைகளை நிறுத்திய டிஸ்க்

2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளில் 28 உற்பத்தி வரிசைகள் நின்றன. உதிரிபாகங்களுக்கு ஆர்டர் அனுப்பும் கணினி அமைப்பு வேலை செய்யவில்லை. சைபர் தாக்குதலாக இருக்குமோ என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. சில நாள் கழித்து நிறுவனமே காரணத்தை வெளியிட்டது. ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு நடந்திருக்கிறது. டேட்டாபேஸில் சேர்ந்த தரவை நீக்கி ஒழுங்குபடுத்தும் வேலையின்போது டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டு, அமைப்பு நின்றுவிட்டது. மாற்று சர்வரும் அதே அமைப்பில் இயங்கியதால் அதிலும் அதே பிழை. கூடுதல் இடமுள்ள வேறொரு சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் மறுநாள் உற்பத்தி தொடங்கியது.

பாகம் ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன ஆகும் என்பதை மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலை செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் இந்தச் சம்பவத்திலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, இடத்தைக் காலி செய்யும் வேலைக்கும் தற்காலிகமாக இடம் வேண்டும். டேட்டாபேஸில் பழைய பதிவுகளை நீக்கும்போது அந்த நீக்கமே லாக்கில் எழுதப்படுகிறது. இரண்டு, மாற்று சர்வர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதே அளவு டிஸ்க்கும் அதே தரவும் இருந்தால் அதுவும் அதே நாளில் நிறையும். அலர்ட் இரண்டுக்கும் வேண்டும்.

90 சதவீதம் என்றால் எவ்வளவு?

பெரும்பாலான இடங்களில் அலர்ட் இப்படித்தான் அமைக்கப்படுகிறது: 80 சதவீதத்தில் மஞ்சள், 90 சதவீதத்தில் சிவப்பு, எல்லா சர்வருக்கும் ஒரே எண். 40 ஜிபி டிரைவில் 90 சதவீதம் என்றால் மீதம் 4 ஜிபி. ஒரு விண்டோஸ் அப்டேட்டே அதை விழுங்கிவிடும். 10 டிபி டிரைவில் அதே 90 சதவீதம் என்றால் மீதம் 1 டிபி. நாளுக்கு 2 ஜிபி மட்டும் சேரும் சர்வர் என்றால், ஓர் ஆண்டுக்கு மேல் அந்தச் சிவப்பு விளக்கு சும்மா எரிந்துகொண்டிருக்கும். சும்மா எரியும் விளக்கை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. நிஜமான ஆபத்து அதே நிறத்தில் வரும்போதும் பார்க்க மாட்டார்கள்.

நிறைந்த அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்காததற்கு ஓர் உதாரணம் செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழு ஆழம் 24 அடி. நிவர் புயல் நெருங்கிக்கொண்டிருந்த 2020 நவம்பர் 25 அன்று, நீர்மட்டம் 22 அடியை எட்டியபோதே மதகு திறக்கப்பட்டது. இன்னும் இரண்டடி பாக்கி இருக்கிறதே என்று பொறியாளர்கள் காத்திருக்கவில்லை. நீர்வரத்து, வரப்போகும் மழை, தண்ணீர் போய்ச் சேரும் அடையாற்றின் கரையில் இருப்பவர்கள் வெளியேறத் தேவையான அவகாசம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் மதகைத் திறக்க வேண்டும். டிஸ்க் அலர்ட்டுக்கும் இதே மூன்று கேள்விகள்தான்: நாளுக்கு எவ்வளவு சேர்கிறது, ஒரே மூச்சில் எவ்வளவு வந்து விழக்கூடும், ஆள் வந்து சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்.

தாளில் போட வேண்டிய கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு சர்வருக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்தில் ஒரு விடுதி, அதன் கணக்கு சர்வரில் 400 ஜிபி அளவுள்ள டி டிரைவ் என்று வைத்துக்கொள்வோம்.

கடந்த ஒரு மாத வரைபடத்தைப் பார்த்தால் நாளுக்குச் சராசரியாக 6 ஜிபி சேர்கிறது. வாரம் ஒருமுறை முழு பேக்கப் ஓடும்போது 35 ஜிபி தற்காலிகமாக எழுதப்பட்டு, பிறகு வெளி டிரைவுக்கு நகர்த்தப்படுகிறது. அந்த 35 ஜிபி எப்போதும் காலியாகவே இருந்தாக வேண்டும். எனவே கணக்கில் அதை இடமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது மனித நேரம். பொங்கலையொட்டி அலுவலகம் நான்கு நாள் மூடியிருக்கலாம். புது டிஸ்க் வாங்க ஒப்புதல் பெற்று, சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துப் பொருத்த மூன்று நாள். ஆக முதல் எச்சரிக்கை ஏழு நாள் முன்னதாக வர வேண்டும். ஏழு நாளுக்கு 42 ஜிபி, பேக்கப்புக்கு 35, மொத்தம் 77 ஜிபி மீதம் இருக்கும்போது முதல் அலர்ட். மூன்று நாள் மீதமிருக்கும்போது இரண்டாவது: 18 கூட்டல் 35, அதாவது 53 ஜிபி. ஒரு நாள் மட்டும் மீதமிருக்கும்போது கடைசி அலர்ட்: 6 கூட்டல் 35, அதாவது 41 ஜிபி.

இவற்றை 400 ஜிபிக்குச் சதவீதமாக மாற்றினால் சுமார் 81, 87, 90. வழக்கமான 80, 90-க்கு அருகில்தான் வருகிறது என்று தோன்றலாம். ஆனால் பக்கத்திலுள்ள 4 டிபி சர்வருக்கு இதே 6 ஜிபி, 35 ஜிபி கணக்கைப் போட்டால் 98-ஐ ஒட்டி வரும். 100 ஜிபி டிரைவுக்குப் போட்டால் 23 ஜிபியைத் தொட்டதுமே முதல் அலர்ட் அடிக்கும். அந்த டிரைவ் இந்த வேலைக்கே போதாது என்பதுதான் அதற்குப் பொருள்.

மென்பொருளுக்குள்

விண்டோஸ் சர்வரிலிருந்து டிஸ்க் அளவைப் பெற டபிள்யூஎம்ஐ, லினக்ஸுக்கும் சேமிப்புக் கருவிகளுக்கும் பெரும்பாலும் எஸ்என்எம்பி. எஸ்என்எம்பி வழியில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று எண்கள் வருகின்றன: ஓர் அலகின் அளவு, மொத்த அலகுகள், பயன்படுத்திய அலகுகள். அலகு 4,096 பைட், மொத்தம் 2,62,14,400 அலகுகள் என்று வந்தால் அது 100 ஜிபி டிரைவ். பயன்படுத்தியது 2,35,92,960 என்றால் 90 சதவீதம். இந்தப் பெருக்கலை மென்பொருளே செய்துவிடும். ஆனால் எண்ணில் சந்தேகம் வரும்போது கையால் சரிபார்க்க இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சந்தேகம் வரும் இடங்கள் இரண்டு உண்டு. பழைய எஸ்என்எம்பி அட்டவணையில் அலகுகளின் எண்ணிக்கை சுமார் 214 கோடியைத் தாண்ட முடியாது. 4,096 பைட் அலகு என்றால் 8 டிபி வரைதான். அதைவிடப் பெரிய டிரைவில் எதிர்ம எண்ணோ பொருந்தாத எண்ணோ வரலாம். அலர்ட் அதை நம்பித் தூங்கிவிடும்.

இரண்டாவது, லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவம் டிஸ்க்கில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 1 டிபியில் இது 50 ஜிபி. எஸ்என்எம்பி கணக்கில் 95 சதவீதம் என்று தெரியும்போதே சாதாரண மென்பொருள்களுக்கு இடம் தீர்ந்துவிட்டிருக்கும். 95-இல் கடைசி அலர்ட் வைத்திருப்பவருக்கு, அலர்ட்டும் பழுதும் ஒரே நிமிடத்தில் வந்து சேரும். லினக்ஸ் சர்வர்களுக்கு மேலே போட்ட கணக்கில் இந்த 5 சதவீதத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆப்மேனேஜரில் டிஸ்க் மானிட்டர்கள் இரண்டு வகை: சர்வரின் எல்லா டிரைவையும் சேர்த்துக் காட்டும் மொத்தப் பயன்பாடு, ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் காட்டுவது. அலர்ட்டுக்குத் தனித்தனியாகக் காட்டுவதைத்தான் எடுக்க வேண்டும். 100 ஜிபி சி டிரைவ் 98 சதவீதமும், 900 ஜிபி டி டிரைவ் 20 சதவீதமும் நிறைந்திருந்தால் மொத்தப் பயன்பாடு 28-ஐக்கூடத் தொடாது. திரை பச்சையாக இருக்கும், சர்வர் நின்றிருக்கும்.

எல்லை அமைக்கும் பக்கத்தில் அட்டென்ஷன், ட்ரபிள், கிரிட்டிக்கல் என்று மூன்று நிலைகள். தாளில் வந்த 81, 87, 90 அங்கே போகும். அதோடு ரீஆர்ம் என்று ஓர் எண் கேட்கும், அலர்ட் அணைய வேண்டிய அளவு அது. அதை 81-க்கு ஒட்டி வைத்தால், 80.9-க்கும் 81.1-க்கும் இடையே டிஸ்க் ஆடும்போதெல்லாம் அலர்ட் எரிந்து அணைந்து, காலைக்குள் இன்பாக்ஸ் நிறைந்துவிடும். 76 என்று வைத்தால், உண்மையிலேயே இடம் காலியானால்தான் அணையும்.

தொடர்ந்து எத்தனை முறை எல்லை மீறினால் அலர்ட் எழ வேண்டும் என்ற கேள்விதான் அதிகம் கவனிக்க வேண்டியது. பலர் மூன்று என்று போட்டுவிடுகிறார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்தால் மூன்று முறை என்பது 45 நிமிடம் வரை போகும். ஏதோ ஒரு நிரல் வட்டமடித்து நொடிக்கு 20 எம்பி லாக் எழுதத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 72 ஜிபி. மீதமுள்ள 41 ஜிபி 34 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மூன்றாவது அளவு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். ஆகவே மெதுவாக ஏறும் அட்டென்ஷனுக்கு மூன்று முறை சரி. கிரிட்டிக்கலுக்கு ஒரே முறை போதும், அளவெடுப்பதும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை.

வளர்ச்சி வேகத்தை மென்பொருளே கணிக்கும் வசதி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜாபிக்ஸிலும் ப்ரோமிதியஸிலும் இதற்கென்றே செயற்கூறுகள் உள்ளன. கடந்த சில மணி நேரப் போக்கை நீட்டி, எப்போது நிறையும் என்று அவை சொல்கின்றன. இரவு பேக்கப் ஓடும் நேரத்தை மட்டும் வைத்துக் கணித்தால் தப்பான எச்சரிக்கை வரும். அதனால் கணிப்பையும் மீதமுள்ள இடத்தையும் இணைத்து, இரண்டும் மீறினால் மட்டும் அலர்ட் என்று அமைப்பது நல்லது.

தனிக் கணக்கு வேண்டிய டிஸ்க்குகள்

கடலோர விடுதிகளில் மிகப் பெரிய டிஸ்க் பெரும்பாலும் சிசிடிவி பதிவுப் பெட்டியில்தான் இருக்கும். அது நிறைந்ததும் பழைய பதிவை அழித்து அதன்மேல் எழுதும் வகை. எப்போதும் முழுதாகவே காட்டும், அதற்குச் சதவீத அலர்ட் வைப்பதில் பயனில்லை. அங்கே பார்க்க வேண்டியது, இருப்பதில் மிகப் பழைய பதிவின் தேதி. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 43.2 ஜிபி. 16 கேமராவுக்கு 691 ஜிபி. 8 டிபி டிஸ்க்கில் பதினொன்றரை நாள் பதிவுதான் தங்கும். 30 நாள் பதிவு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் மேலாளர், போலீஸ் வந்து கேட்கும் நாளில்தான் உண்மையை அறிவார். 30 நாளுக்குச் சுமார் 21 டிபி வேண்டும்.

லாக் சர்வருக்குச் சட்டமும் ஒரு காரணம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். ஃபயர்வால் நாளுக்கு 2 ஜிபி லாக் எழுதினால் 180 நாளுக்கு 360 ஜிபி. இடம் போதவில்லை என்று இரவில் அவசரமாகப் பழைய லாக்கை அழிப்பவர், தெரியாமலே இந்த உத்தரவை மீறுகிறார். அலர்ட் முன்னதாக வந்தால் அழிக்காமல் வேறு டிஸ்க்குக்கு நகர்த்த நேரம் கிடைக்கும்.

சில மென்பொருள்களுக்குச் சொந்த எல்லை உண்டு. எலாஸ்டிக்சர்ச் வழக்கமான அமைப்பில் 85 சதவீதத்தில் புதுத் துண்டுகளை அந்த டிஸ்க்கில் வைப்பதை நிறுத்தும், 90-இல் இருப்பதையே வேறு சர்வருக்கு நகர்த்தப் பார்க்கும், 95-இல் எழுதுவதையே தடுத்துவிடும். அங்கே முதல் அலர்ட் 85-க்குக் கீழே இருந்தால்தான் பயன். எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில், 2022 வெளியீடு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரம்பு. டிரைவில் 300 ஜிபி காலியாக இருந்தாலும் பில் போட முடியாமல் நிற்கும். அங்கே டிரைவோடு டேட்டாபேஸ் கோப்பின் அளவையும் கண்காணிக்க வேண்டும். மெய்நிகர் சர்வர்கள் ஓடும் இடத்தில் ஒவ்வொன்றின் டிரைவோடு, அவை பங்கிட்டுக்கொள்ளும் பொதுச் சேமிப்பையும் சேர்க்க வேண்டும். அது நிறைந்தால் எல்லாமே ஒன்றாக நிற்கும்.

லினக்ஸில் இடம் இருந்தும் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு தீர்ந்துபோவதுண்டு. ஐநோடு என்ற அந்த எண்ணிக்கைக்கும் தனி அலர்ட் வேண்டும், மின்னஞ்சல் சர்வர்களில் கட்டாயமாக. கோப்புகள் குவிவது எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி சாட்சி. 2004 ஜனவரி 21 அன்று செவ்வாய்க் கோளில் அது திடீரென்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தி, திரும்பத் திரும்ப ரீபூட் ஆனது. பயணத்தின்போது சேர்ந்தவை உட்பட ஃபிளாஷ் நினைவகத்தில் ஏராளமான கோப்புகள் இருந்தன. அவற்றின் பட்டியலைத் தாங்கவே ரேம் போதவில்லை. பூமியிலிருந்தே கோப்புகளை அழித்து, நினைவகத்தை ஃபார்மட் செய்துதான் அதை மீட்டார்கள்.

புயல் இரவில் யாருக்குத் தகவல்?

அலர்ட்டின் வாசகம், தூக்கத்திலிருந்து எழுந்து படிப்பவருக்குப் புரிய வேண்டும். ஐபி முகவரியும் சதவீதமும் மட்டும் இருந்தால் போதாது. இப்படி எழுதலாம்: “மாமல்லபுரம் கிளை, கணக்கு சர்வர், டி டிரைவ். மீதம் 41 ஜிபி. முதலில் பார்க்க வேண்டியது பேக்கப் ஃபோல்டர். லாக் ஃபோல்டரை அழிக்க வேண்டாம்.” சர்வரின் பெயரையும் டிரைவையும் மதிப்பையும் மென்பொருளே நிரப்பும். கடைசி இரண்டு வரிகளை அந்த சர்வரை அறிந்தவர்தான் எழுதி வைக்க வேண்டும்.

அட்டென்ஷன் அலர்ட் பகல் நேர மின்னஞ்சலாகப் போனால் போதும். ட்ரபிள் என்றால் பொறுப்பாளருக்கு எஸ்எம்எஸ். கிரிட்டிக்கல் எந்த நேரமும் எஸ்எம்எஸ், அரை மணி நேரத்தில் யாரும் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அடுத்தவருக்குப் போகும்படி எஸ்கலேஷன் விதி. ஒருவர் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அதே எண்ணுக்கு அலர்ட் போய்க்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடலோரத்துக்கென்று ஓர் ஏற்பாடு கூடுதலாக வேண்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவில் இணைப்பு போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் ஸ்விட்ச்களும் ரவுட்டர்களும் லாக் அனுப்பிக் குவிக்கும். தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய பேக்கப் போக முடியாமல் உள்ளூர் டிஸ்க்கிலேயே தங்கும். வழியில் மரம் விழுந்து கிடந்தால் செங்கல்பட்டிலிருந்து ஆளும் வர முடியாது. சேரும் வேகம் கூடி, வந்து சேரும் நேரமும் நீளும் அந்த மாதங்களுக்கு எல்லைகளைத் தாழ்த்த வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 81-ஐ 75 ஆக்கி, ரீஆர்ம் எண்ணையும் அதற்குக் கீழே இறக்கிவிடலாம்.

தகவலே வராவிட்டாலும் அலர்ட் அடிக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் கடைசியாக வந்த 70 சதவீதமே திரையில் நின்றுகொண்டிருக்கும். மின்னஞ்சலும் அதே இணைப்பில்தான் போகிறது என்றால் எச்சரிக்கையும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிம் கார்டு போட்ட எஸ்எம்எஸ் மோடம் ஒன்று தனியாக இருக்கட்டும். கண்காணிக்கும் சர்வரின் சொந்த டிஸ்க்கையும் பட்டியலில் சேர்க்க மறக்கக் கூடாது. அளவெடுத்த எண்களையெல்லாம் தன் டேட்டாபேஸில் சேமித்துக்கொண்டே போகும் அந்த சர்வரும் நிறையக்கூடியதுதான்.

அலர்ட் வந்த பிறகு செய்வதில் ஓர் எச்சரிக்கை. லினக்ஸில் பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் கூடவில்லை என்றால், அந்தக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. நிரலை ரீஸ்டார்ட் செய்தால்தான் இடம் திரும்பும்.

சோதித்துப் பார்க்காத அலர்ட்டை நம்ப வேண்டாம்

எல்லாம் அமைத்தாயிற்று என்றால், அலர்ட்டை ஒருமுறை உண்மையிலேயே அடிக்க வைக்க வேண்டும். வேலை குறைவான நேரத்தில், முக்கியமில்லாத சர்வர் ஒன்றில், முதல் எல்லையைச் சற்றுத் தாண்டும் அளவுக்கு ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கவும். விண்டோஸில் எஃப்எஸ்யூட்டில், லினக்ஸில் ஃபால்லோகேட் இதைச் செய்யும். லினக்ஸில் ட்ரங்கேட் கட்டளை வேண்டாம், அது அளவை மட்டும் காட்டும், இடத்தைப் பிடிக்காது. எத்தனை நிமிடத்தில் திரை நிறம் மாறியது, எத்தனை நிமிடத்தில் ஃபோனுக்கு எஸ்எம்எஸ் வந்தது, வாசகம் தமிழில் உடையாமல் வந்ததா, கோப்பை அழித்த பிறகு அலர்ட் அணைந்ததா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளவும். பிறகு மற்ற சர்வர்களுக்கு அதே அமைப்பைக் கொண்டுபோகலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.